முப்பது எண்ணிவிட்டுப் போடு

கடைத்தெருவில் அவனுக்குத் தராசுக்காரன் என்றுதான் பெயர். கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் எடை மெஷின்களைச் சோதித்து, கிராம் பிசகாமல் சரிசெய்து, முத்திரை ஒட்டுவது வேலை. ஒரு எடைக்கல்லை ஒரு தடவை வைத்துப் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. மூன்று தடவை வைத்து எடுத்தால்தான் மனசு ஆறும். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிய இரண்டு மெஷின்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கத் தவறிவிட்டான். அவனுடைய அப்பாவின் உயிர் அதில்தான் போயிற்று. கடைசிவரை மறைத்துவைத்து வேடிக்கை காட்ட எனக்கு மனசு வரவில்லை, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

முதல் மெஷின் அவனுடையது. பின்னறையில் ஒரு இரும்புச் சட்டத்தில் ஆறு கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக மாட்டி, கிரிப்டோ நாணயம் தோண்டுகிற ரிக் ஒன்றைக் கட்டியிருந்தான். தோண்டுவதென்றால் கடப்பாரை, மண்வெட்டி எதுவும் கிடையாது. கார்டுகள் இருபத்துநாலு மணி நேரமும் மூச்சுமுட்டக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், எப்போதாவது துளி கிடைக்கும். "வீட்டுக்குள்ள மில்லு வெச்ச ஒரே ஆள் நீங்கதான். சத்தம் வருது, மாவுதான் வரக் காணோம்" என்று மனைவி கிண்டல் செய்வாள். அவனுக்கு அது காதில் ஏறாது. நொடிக்கு எத்தனை கணக்கு முடிகிறது என்று காட்டும் ஹாஷ்ரேட் என்கிற எண், அது போனில் வரைகிற கோடு, அந்தக் கோடு ஆடாமல் போகிறதா என்பது, இவ்வளவுதான் அவன் கவலை.

இரண்டாவது மெஷின் அப்பாவுடையது. நாற்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் புகையை உள்ளே இழுத்து இழுத்து நுரையீரல் கெட்டுப்போன மனிதர். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து, கீழிருந்து மாடிவரை தானே தூக்கிவந்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தவன் மகன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் கால் நகத்தை அவனே வெட்டிவிடுவான். பாசமில்லாதவன் என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆக்சிஜன் மெஷின் வந்த மறுநாளே ரிக்கில் கோளாறு ஆரம்பித்தது. பகலில் எந்த நேரம் என்றில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கார்டு உறைந்து நின்றுவிடும், கோடு பள்ளத்தில் விழும். ராத்திரியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். விடிந்ததும் மறுபடி சனியன் பிடிக்கும். தராசுக்காரன் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம். செய்வான், எழுதுவான், ஒரு நாள் காத்திருப்பான். கார்டைப் போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிளை மாற்றினான். இரண்டாவது கார்டை நாலாவது இடத்தில் மாட்டிப் பார்த்தான். அப்போதும் இரண்டாவது இடத்தில் இருப்பதுதான் விழுந்தது. கார்டுகளைக் கழற்றிப் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசினான். மென்பொருளைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனான், பிறகு புதியதுக்குக் கொண்டுவந்தான். ஜன்னலில் ஒரு விசிறி வைத்தான். இணையத்தில் ரிக் வைத்திருக்கும் கூட்டம் ஒன்றில் முகம் தெரியாத ஐம்பது பேரிடம் யோசனை கேட்டான். ரிக்கைத் தொட்ட ஒவ்வொரு திருகாணியும் தேதியோடு அந்த நோட்டில் ஏறியது. அந்த மாதம் வீட்டுக்குள் புதிதாக என்ன வந்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

பகலில் அவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணினிப் பொறுப்பு. வீட்டில் அப்பா மட்டும். கார்டு விழுந்தால் தராசுக்காரனின் போன் கூவும். அவன் எந்தக் கடையில் எந்தத் தராசுக்கு முன்னால் குனிந்திருந்தாலும் உடனே அப்பாவைக் கூப்பிடுவான்.

"அப்பா, மறுபடி விழுந்துருச்சு. பின்னறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, முப்பது எண்ணிட்டுப் போடுங்க."

"இதோ போறேன்பா."

"மெதுவாப் போங்க. அவசரமே இல்ல" என்பான். அவசரம் இல்லையென்றால் எதற்குக் கூப்பிட்டான் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

குழாய் பின்னறைவரை எட்டாது. அப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்சிஜன் மெஷினை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சத்தமாகவே எண்ணுவார். பதினொன்று, பன்னிரண்டு வரைக்கும் கடகடவென்று வரும். பதினேழுக்குமேல் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் இழுப்பு கேட்கும். இருபத்திரண்டில் நின்று, கொஞ்சம் பொறுத்து, இருபத்திமூன்று என்பார். மறுமுனையில் மகன் ஒரு கிலோக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கோடு ஏறுகிறதா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏறிருச்சுப்பா. தேங்க்ஸ்."

அறைக்குத் திரும்பி வந்து, படுக்கையில் சாய்ந்து, குழாயை மாட்டி, ஆக்சிஜன் மெஷினின் சுவிட்சைத் தட்டினால், அது ஒரு நொடி 'கீ' என்று கத்தும். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ரிக்கின் இரைச்சல் தொண்டை அடைத்த மாதிரி இறங்கும். பிறகு போன் வரும். மூன்றாம் நாளே அப்பாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மகனுக்கும் இணையத்தில் இருந்த ஐம்பது பேருக்கும் மூன்று மாதமாகப் பிடிபடாதது.

பிடிபடாமல் என்ன செய்யும்? வெல்டிங்காரர் அல்லவா. பட்டறையில் அவர் ராடை இரும்பில் வைத்துத் தீப்பொறி பறக்கவிடும்போதெல்லாம் அந்தத் தெருவின் விளக்குகள் மங்கும். மாவு மெஷின்காரர் கத்துவார், தையல்காரர் ஓடிவருவார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தாய் வாசலில் நின்று திட்டுவாள். "அம்மா, இதோ நிறுத்திட்டேன்" என்று அவர் கையைத் தூக்கிவிடுவார். நாற்பது வருஷத்தில் அவருக்கு ஊறிப்போனது ஒன்று உண்டு. தன்னால் இன்னொருத்தர் விளக்கு மங்கினால், அணைக்க வேண்டியது தன்னுடையதைத்தான். அதை அவர் தியாகம் என்றெல்லாம் நினைத்தது இல்லை. கையைத் துடைப்பது மாதிரி ஒரு பழக்கம்.

ஆனாலும் சொல்லிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்தில்.

"தம்பி, அந்த ரெண்டு ரூமுக்கும் ஒரே பழைய ஒயருதான் வருது. லோடு தாங்கலையோ என்னமோ. ஒரு தடவை லைனைப் பாரேன்."

"அப்பா, இது வெல்டிங் செட் இல்ல. கம்ப்யூட்டர்" என்று சிரித்தான் மகன். இருந்தாலும் அளக்காமல் விட்டால் அவனுக்குத் தூக்கம் வராதே. மீட்டரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்ப் பிளக்கில் வைத்தான். மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் இருநூற்று இருபத்தைந்து வோல்ட்.

"பாருங்க. கல்லு மாதிரி நிக்குது."

நிற்காமல் என்ன? அப்பா மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மெஷின் அந்த நேரம் அணைந்திருந்தது. கடைக்காரன் ஒருவன் தட்டில் பாதியை இறக்கிவைத்துவிட்டு எடை சரி என்று சொன்னால் தராசுக்காரன் அவனைச் சும்மா விட்டிருப்பானா? தான் அதையே செய்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. நோட்டில் 'மின்சாரம்: சரி' என்று எழுதி இரண்டு கோடு போட்டான். அப்பா வாயைத் திறந்தார், பிறகு தண்ணீர் குடித்தார். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து கோடு நேராகிவிட்டது. கோடு நேரான அன்றைக்குத்தான் அவன் புதிய பவர் சப்ளை ஒன்றை மாட்டியிருந்தான். துள்ளாத குறை. 'தீர்ந்தது' என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினான். இணையக் கூட்டத்தில் படம் போட்டான். ஐம்பது பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அப்பாவிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினான்.

"பாத்தீங்களா அப்பா? பதினோரு நாளா ஒரு ஆட்டம் இல்ல."

"அடேயப்பா" என்றார் அப்பா. அவர் முகத்தில் இருந்தது நிஜமான சந்தோஷம்தான். பிள்ளை பரீட்சையில் தேறிவந்த மாதிரி பார்த்தார்.

பகல் முழுவதும் அவர் தன் ஆக்சிஜன் மெஷினைப் போடுவதே இல்லை. எல்லோரும் படுத்த பிறகு, தெருவில் பாதி வீடு தூங்கிக் கரண்ட் தாராளமாக வருகிற நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்வார். அப்போது இரண்டும் சண்டையில்லாமல் ஓடும். பகலில் யாராவது வந்துவிட்டால் சந்தேகம் வரக்கூடாதே என்று, வாசலில் சாவிச் சத்தம் கேட்டதும் குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொள்வார். மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. பின்னறையின் இரைச்சலில் அந்த அறைக்குள் வேறு எந்தச் சத்தமும் எடுபடாது. வெறும் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் மருமகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

மருமகளுக்குத்தான் முதலில் ஏதோ பட்டது.

"ஏங்க, மாமா உதடு நீலமா இருக்கு. காலும் வீங்கியிருக்கு."

"பதினாறு மணி நேரம் வெக்கிறீங்களாப்பா?" என்று மகன் அறை வாசலிலிருந்தே கேட்டான்.

"அதுக்கு மேலேயே வெக்கிறேன். மூக்கே காஞ்சுபோச்சு."

தூரத்து ஊரில் இருக்கும் தங்கை ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். அவளிடமும் அப்பாவுக்கு ஒரே பாட்டுதான். அண்ணன் நல்லா பார்த்துக்கிறான், மெஷின் இருக்கு, எனக்கு என்ன குறை.

ஆறு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் மருமகள் வேலை முடிந்து வந்தபோது அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தபடி பேசவும் முடியாமல் இருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மகனைத் தனியாக அழைத்தார்.

"ரொம்ப நாளா ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சே இருந்திருக்கு. இதயம் களைச்சுப்போச்சு. மெஷினை ஒழுங்கா வெச்சாரா?"

"பதினாறு மணி நேரத்துக்கு மேல வெச்சார் டாக்டர்" என்றான் தராசுக்காரன். சரிபார்க்காத எடைக்கு ஆயுளில் ஒரு தடவைகூட முத்திரை ஒட்டாதவன், தயங்காமல் சொன்னான்.

மறுநாள் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி அப்பா ஏதோ கேட்டார். அவன் காதைக் கொண்டுபோனான்.

"மெஷின்... ஓடுதா?"

"இங்க ஆக்சிஜன் பைப்புல வருதுப்பா. மெஷின் தேவையில்ல."

அப்பா தலையை ஆட்டினார். "உன்... மெஷின்."

"ஓ, அதுவா. சூப்பரா ஓடுதுப்பா. நீங்க பேசாதீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மறுநாள் காலையில் இறந்துபோனார்.

எல்லோரும் வந்து அழுது, ஆறுதல் சொல்லி, கிளம்பிப் போய்விட்டார்கள். பதினெட்டாம் நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆக்சிஜன் மெஷினைத் திரும்ப எடுத்துப்போக வாடகைக் கம்பெனியின் சர்வீஸ்காரர் வந்தார். மனைவி வெளியே போயிருந்தாள். தராசுக்காரன் அவரை அப்பாவின் அறைக்கு அழைத்துப்போனான்.

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு மெஷினே கணக்கு வெச்சிருக்கும் சார். அதைக் குறிச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பிளக்கைச் செருகிச் சுவிட்சைத் தட்டினார்.

மெஷின் 'கீ' என்று கத்தியது. பின்னறையின் இரைச்சல் இறங்கியது. தராசுக்காரனின் சட்டைப் பையில் போன் கூவியது.

எடுத்துப் பார்த்தான். இரண்டாவது கார்டு.

போனையும் ஆக்சிஜன் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "அதை அணைங்க" என்றான். ஓடிப்போய் ரிக்கை அணைத்து, எண்ணாமலே போட்டான். பிறகு நினைவு வந்து மறுபடி அணைத்து முப்பது எண்ணிப் போட்டான். கோடு ஏறியது. "இப்ப போடுங்க" என்று அங்கிருந்தே கத்தினான். 'கீ'. கார்டு விழுந்தது. மூன்றாவது தடவையும் செய்தான். மூன்றாவது தடவையும் விழுந்தது.

"என்ன சார் ஆச்சு?" என்று சர்வீஸ்காரர் வாசலுக்கு வந்து கேட்டார். "வோல்ட்டேஜ் இறங்குதுன்னுதான் இது கத்துது. தனி லைன் இழுத்திருக்கலாமே? எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை." பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்துச் சொன்னார். "இன்னொண்ணு சார். நாள் கணக்குக்கு ரெண்டாயிரம் மணிக்கு மேல காட்டணும். ஆயிரத்து நூறுதான் காட்டுது. பெரியவர் சரியா யூஸ் பண்ணலையோ?"

அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய பிறகு தராசுக்காரன் நோட்டையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தான். போன் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்தது. ஆக்சிஜன் வந்த நாளிலிருந்து, கோடு விழுந்த ஒவ்வொரு நிமிஷமும். முதல் வாரங்களில் ஒரு பகலுக்கு ஏழெட்டுப் பள்ளம். ஒவ்வொன்றும் அப்பா குழாயை மாட்டிச் சுவிட்சைப் போட்ட நேரம். ஒவ்வொன்றின் முடிவும் இவன் கூப்பிட்டு அவரை எழுப்பி நடக்கவிட்ட நேரம். பிறகு ஆறு. பிறகு நாலு. லைனைப் பாரேன் என்று அவர் சொன்ன அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இரண்டு. பிறகு ஒரு நாள் மத்தியானம் நாலே நிமிஷம் ஒரு சின்னப் பள்ளம். ஆசைப்பட்டுப் போட்டிருப்பார். மூச்சு முட்டியிருக்கும். இவன் போன் செய்வதற்கு முன்னாலேயே அவராகவே அணைத்துவிட்டு, அவராகவே போய் முப்பது எண்ணிப் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் ஆறு வாரத்துக்கு நேர்கோடு. அந்த நேர்கோட்டைத்தான் அவரிடமே கொண்டுபோய்க் காட்டிப் பெருமை அடித்திருக்கிறான்.

அவன் அழுதான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று யாராவது அந்த நேரம் அங்கே வந்து சொல்லியிருந்தால் அவர்களை நானே அடித்து விரட்டியிருப்பேன். மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, கட்டில் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டு அழுதான். பின்னறையில் ஐந்து கார்டுகள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மனைவி வந்ததும் அவளிடம் சொன்னான். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். நேரே பின்னறைக்குப் போய் ரிக்கை அணைத்துவிட்டு வந்து, அப்பாவின் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. தங்கை கூப்பிட்டாள். அப்பா போனபிறகும் அந்த நேரத்துக்குக் கூப்பிடும் வழக்கத்தை அவள் விடவில்லை.

"சாப்பிட்டியா அண்ணா?"

"ம்."

"நேத்து பூரா உன்னையே நெனச்சுட்டிருந்தேன். நான் தூரத்துல உக்காந்துட்டேன், எல்லாத்தையும் நீதான் தாங்கின. நீ இருந்ததாலதான் அப்பா கடைசிவரைக்கும் கஷ்டமில்லாம மூச்சு விட்டார்."

சும்மா இருந்துவிடலாம். அவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. மனைவி கதவருகே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் சொன்னான். ஒயரை, கார்டை, போனை, முப்பதை, ஆயிரத்து நூறு மணியை, ஒன்று விடாமல். தன் பக்கம் ஒரு கிராம்கூடக் குறைத்து வைக்கவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. நாலு வார்த்தை வைதால் அதைப் பிடித்துக்கொண்டாவது நிற்கலாம்.

"அண்ணா," என்றாள் கடைசியில், குரல் உடைந்துபோய். "ஆக்சிஜன் மெஷின் வந்து ரெண்டாம் நாளே அப்பாகிட்ட நான் கேட்டேன். என்கூட வந்து ரெண்டு மாசம் இருங்கப்பான்னு. டிக்கெட்கூடப் பாத்து வெச்சேன்."

"எனக்குத் தெரியாதே."

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டார். 'நான் வந்துட்டா பகல்ல அவன் மெஷினைப் போட்டு அணைக்க ஆளு இல்லம்மா, அவன் திண்டாடிப் போயிடுவான்'னார்."

அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே அழுதுகொண்டிருந்தார்கள்.